பதினொன்றாம் பலகை

அத்தியாயம் 12

கடைசிப் பலகையின் கடைசித் திருகாணி ஏறியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை.

ஏணிக்காரர் கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"தப்பா நெனக்காதீங்க மேடம். என் கண்ணுக்கு என்னவோ சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"பக்கத்துல நின்னா அப்படித்தான் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

"நீங்க பாத்துட்டீங்களா?"

பெரியவள் பார்க்கவில்லை. இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

நான்கு மாதங்களுக்கு முன் சந்தைத் தெருவில் ஒரு லாரி ஓட்டுநரை அடித்தே கொன்றார்கள். சரக்கு இறக்கக் காத்திருந்த நேரத்தில், அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்றுக்கு அவர் பிஸ்கட் நீட்டினார். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ கத்தினார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு படம் வந்தது. கீழே 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று போட்டிருந்தார்கள். வழக்கும் அதோடு படுத்துவிட்டது.

பெரியவளுக்கு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் கத்தரிக்கோலும் பழைய பத்திரிகையும்தான். இடிந்த கட்டடம், எரிந்த தொழிற்சாலை, கலைக்கப்பட்ட ஊர்வலம் என்று படங்களை வெட்டி எடுப்பாள். பெரிதாக்குவாள். நாலு பேர் நடக்கிற இடத்தில் வைப்பாள். காலையில் டீயோடு புரட்டிவிட்டுப் போன படத்தை மாலையில் நின்று பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. விழுந்து கிடப்பவரைக் காட்டமாட்டாள். அந்த உடலை மட்டும் வெட்டி எடுத்துவிடுவாள். அந்த இடம் வெள்ளையாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அப்படியே நிற்பார்கள்.

லாரி ஓட்டுநர் படத்தை இருபத்துநான்கு பலகைகளாகப் பிரித்தாள். பத்திரிகைப் படம் என்பது புள்ளிகள்தானே. ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, தக்கையைக் கறுப்பில் தோய்த்துக் கையால் பதித்தாள். பெரிய தக்கை, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என்று நான்கு அளவு. வீட்டின் பின்னறையில் ஒரே நேரத்தில் இரண்டு பலகைகளுக்கு மேல் விரிக்க முடியாது. நிமிர்ந்து நின்றால் முதுகு சுவரில் இடிக்கும். அதனால் நான்கு மாதமும் அவள் பார்த்தது புள்ளிகளை மட்டுமே.

ஏணியை மதியம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பெரியவள் சாலையைக் கடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று திரும்பினாள்.

புள்ளிகள் கூடிக்கொண்டன.

நடுவில் வெள்ளை. அதைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவன் செருப்பை ஓங்கியிருந்தான். ஒருவன் கால் உயர்ந்திருந்தது. இன்னொருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பதினொன்றாம் பலகையில் ஒருவன் தலைக்கு மேல் இரும்பு ராடைத் தூக்கியிருந்தான். அவன் நாக்கு நுனி இடது கடைவாயில் பற்களுக்கு நடுவே கடிபட்டிருந்தது.

அந்த நாக்கு ஒரே ஒரு புள்ளி. மிகச் சிறிய தக்கை.

பளுவைத் தூக்கும்போதெல்லாம் அப்படி நாக்கைக் கடிக்கிற ஒருவனை அவளுக்குத் தெரியும். அவளுடைய நான்கு வயதிலிருந்து தெரியும். பதினொன்றாம் பலகைக்கு மூன்று நாள் உட்கார்ந்து புள்ளி வைத்தவனும் அவன்தான்.

அவள் தம்பி.

"நல்லா வந்திருக்கு," என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "என் படம்."

ஐம்பது வயதிருக்கும். தோளில் கேமரா பை. அந்தப் பத்திரிகைப் படக்காரரை அவள் அச்சகத்தில் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

"பேப்பர்ல என் பேரைப் போடல. நீயும் போடல. எடுத்து ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"நீங்க அந்த ஆளைக் கேட்டா எடுத்தீங்க?"

வாய் தன்னால் பேசியது. கண் சுவரை விட்டு நகரவில்லை.

படக்காரர் சிரித்தார். "இதை என் பொண்டாட்டி தினமும் கேக்கிறா. நீ வேற எதாவது புதுசா கேளு."

"மூலப் படம் இருக்கா சார்?"

"ஆபீஸ்ல வாங்கி அழிச்சுட்டாங்க. போலீஸ் வந்து கேட்டா எடுத்துக் குடுக்க ஒண்ணும் இருக்கக் கூடாதாம். போலீஸ் வரவே இல்ல, அது வேற கதை." அவர் விரலை நீட்டினார். "அதோ, நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு. மத்தவனெல்லாம் கையாலயும் காலாலயும்தான். ராடு இவன் கையில மட்டும்தான் இருந்துச்சு. இவன் உள்ள வந்ததுக்கப்புறம் அந்த ஆள் தடுக்கறதுக்குக் கையைத் தூக்கவே இல்ல."

"யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா சும்மா இருப்பேனா. இவனை நேர்ல பாத்த எவனாவது இங்க வந்து நின்னாப் போதும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செத்தவரோட வீட்டம்மா பத்தரை பஸ்ல வராங்க. நீ இதைச் செய்யறேன்னு அச்சகத்துல கேள்விப்பட்டு நான்தான் வரச் சொன்னேன். நீ வெள்ளையா விட்டிருக்கியே, அந்த இடத்தைப் பாக்கணும்னாங்க."

பெரியவள் நடக்க ஆரம்பித்தாள். பாதித் தெருவில் அது ஓட்டமாக மாறியது.

வீடு டயர்க் கடைக்கு மேல் மாடி. அம்மா தையல் இயந்திரத்தில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து பட்டறைக்குப் போக பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லாரிகள் பழுது பார்க்கும் பட்டறை. இருபத்தாறு வயது. சம்மட்டி அடிப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது என்று பட்டறை முதலாளியே சொல்வார்.

"என்னக்கா, மாட்டியாச்சா? முகமே சரியில்லையே. கோணலா மாட்டிட்டாங்களா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

"அந்த ஆளை அடிச்சப்போ நீ எங்கே இருந்தே?"

"பட்டறையில. எத்தனை தடவை சொல்றது."

"பதினொண்ணாம் பலகையில இருக்கே."

கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அது வெறும் புள்ளிக்கா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறே."

அவன் எழுந்தது தெரியவில்லை. அவள் முதுகு சுவரில் அறைந்தபோதுதான் தெரிந்தது. அவன் கை அவள் கழுத்தில் இருந்தது. கட்டைவிரல் தொண்டைக்குழியை அழுத்தியது. பட்டறைக் கிரீஸின் வாடை மூக்கில் ஏறியது.

"யார்கிட்ட சொன்னே? சொல்லு. யார்கிட்ட சொன்னே?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. அவள் அவன் மணிக்கட்டை நகத்தால் கிழித்தாள். ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

அம்மா எழுந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். இரண்டு கதவையும் சாத்திக் கொக்கி போட்டாள். கீழே கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

பிறகுதான் திரும்பினாள்.

"போதும், விடுடா," என்றாள். சின்ன வயதில் விளையாட்டுச் சாமான் சண்டைக்குச் சொல்கிற அதே குரல்.

அவன் விட்டான். பெரியவள் தரையில் சரிந்து இருமினாள். எச்சிலில் சிவப்பு கலந்திருந்தது.

"நான் சும்மா வேடிக்கை பாக்கத்தான் போனேன்," என்றான் சின்னவன். அவனும் எதிரே உட்கார்ந்துகொண்டான். "எல்லாரும் அடிச்சாங்க. கையில ராடு இருந்துச்சு. மூணு அடிதான் அடிச்சேன், சத்தியமா மூணுதான். ஒண்ணு தோள்ல பட்டுச்சு. ரெண்டாவது காதுக்கு மேல. இரும்பை இரும்பால அடிச்சா கை உதறும் இல்லக்கா. அன்னைக்கு முதல் அடிக்கு லேசா உதறுச்சு. மூணாவது அடிக்கு உதறவே இல்ல."

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"பேப்பர்ல தேடிப் பாத்தேன். முகம் பயறு அளவுக்கு இருந்துச்சு. நான் இல்லன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குடா என்கூட உக்காந்து புள்ளி வெச்சே?"

"அதுக்கப்புறம் தூக்கம் வரல. புள்ளி வெச்ச அன்னைக்கெல்லாம் வந்துச்சு."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"சட்டையை நான்தான் துவைச்சேன். மூணு தண்ணி மாத்தினேன்."

"தெரிஞ்சேவா நாங்க புள்ளி வைக்கறப்போ விளக்கு பிடிச்சே?"

"புள்ளை ஒரு இடத்துல உக்காந்து ஒழுங்கா வேலை செய்யறானேன்னு பிடிச்சேன்." அம்மா அவள் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள். "இப்ப என்ன கெட்டுப்போச்சு. ஒரு டப்பா கறுப்பு இருந்தா முடிஞ்சது. அந்த ஒரு பலகையில பூசிடு. செத்தவனை வெள்ளையா விட்டவதானே நீ. உன் தம்பியைக் கறுப்பா விடு."

"அவர் வீட்டம்மா பத்தரைக்கு வராங்கம்மா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

சின்னவன் பின்னறைக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் பெயின்ட் டப்பா, மறு கையில் சுத்தியல். யாரையும் பார்க்காமல் படியிறங்கினான். அவள் எழுவதற்குள் அம்மா கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"தள்ளும்மா."

"மாட்டேன்."

"அவனை யாராவது பாத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"பாத்தா நீதான்டி காரணம். ஊர்ல இல்லாத படத்தை எடுத்து ஊர் பாக்க ஒட்டினவ நீதான். யார் வீட்டு எழவையோ இழுத்துட்டு வந்து நம்ம வீட்டுல வெச்சே."

பெரியவள் குனிந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். அம்மா தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பெரியவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் பிரிய மறுத்தது. பின்னால் வளைத்தாள். ஏதோ சொடுக்கியது. அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அவளைப் பிடித்துத் தள்ளியபோது நெற்றி தையல் இயந்திரத்தின் இரும்புக் காலில் மோதியது. புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

ஒரு நொடி பெரியவள் நின்றாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. மரத்தில் சுத்தியல் விழும் சத்தம்.

சின்னவன் ஏணியின் மேல் நின்றான். பெயின்ட் டப்பாவை முதலில் வீசியிருக்கிறான். குறி தப்பிக் கறுப்பு முழுவதும் பத்தாம் பலகையில் வழிந்துகொண்டிருந்தது. இப்போது பதினொன்றை உடைத்துக்கொண்டிருந்தான். கீழ்ப் பாதி பிளந்து தொங்கியது. மேல் பாதி அப்படியே இருந்தது.

எதிரே பேருந்து நின்று கிளம்பியது. இறங்கியவர்கள் நடக்காமல் நின்றார்கள். டீக் கடையிலிருந்தும் மருந்துக் கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். நிறுத்தத்தில் படக்காரர் ஒரு பெண்ணின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அந்தப் பெண். நாற்பதுக்குள்தான் இருக்கும். அவள் உடைகிற பலகையைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் இரண்டு கையாலும் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனுக்குப் பக்கத்திலேயே, பலகையில், அவனைவிட மூன்று மடங்கு பெரிதாக அவன் அதையே செய்துகொண்டிருந்தான்.

"இறங்குடா," என்று பெரியவள் கத்தினாள். அவள் குரலை மருந்துக் கடைக்காரர் குரல் மிஞ்சியது.

"ஏய், அங்க பாரு. ரெண்டும் ஒரே ஆளு."

ஒரு கணம் தெருவில் யாருமே அசையவில்லை. சின்னவனும் அசையவில்லை. சுத்தியல் மேலேயே நின்றது. தலையைத் திருப்பித் தன் முகத்தை முதன்முறையாகப் பார்த்தான். பார்த்த தூரம் ஒரு சாண். அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்திருக்கும்.

ஏணியை யாரோ உதைத்தார்கள்.

முதலில் ஓடிவந்தவர்களில் இரண்டு பேர் சுவரிலும் இருந்தார்கள். செருப்பை ஓங்கியவன் ஒருவன், சிரித்தவன் ஒருவன். 'கொலைகாரன், கொலைகாரன்' என்று அவர்கள்தான் உரக்கக் கத்தினார்கள்.

சின்னவன் தோள் தரையில் மோத விழுந்தான். எலும்பு முறிந்தது பெரியவளுக்குக் கேட்டது. எழ முயன்றவனின் வாயில் ஒரு பூட்ஸ் கால் இறங்கியது. இன்னொருவன் அவன் முடியைப் பிடித்துத் தூக்கித் தார்ச்சாலையில் மோதினான். பிளந்து விழுந்த பலகைச் சட்டத்தை ஒருவன் கையில் எடுத்துக்கொண்டான். அதில் ஆணி இருந்தது. அது முதுகில் இறங்கியபோது சட்டை கிழிந்து, அடியில் தோலும் கிழிந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வந்து இரண்டு உதை கொடுத்துவிட்டுப் போனார்.

பெரியவள் கால்களுக்கு இடையே புகுந்தாள். முழங்கை ஒன்று அவள் மூக்கில் பட்டுக் கண் இருண்டது. தம்பியின் மேல் குப்புற விழுந்து அவன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு விழுந்த அடிகள் அவள் விலாவில் விழுந்தன. எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதுக்கு மேல் முடியவில்லை.

அடி நின்றது.

கூட்டம் வழி விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண் வந்துகொண்டிருந்தாள். வழியில் குனிந்து, விழுந்து கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"நீ யாரு?"

"இந்தப் படத்தைச் செஞ்சவ."

"அது தெரியுது. இவனுக்கு நீ யாரு?"

பெரியவளின் மூக்கிலிருந்து ரத்தம் தம்பியின் காதில் சொட்டியது.

"அக்கா."

"அந்தப் பலகையில இருக்கிறது இவனா?"

அடியில் அவன் மூச்சு இரைத்தது. "இல்லன்னு சொல்லுக்கா," என்றான். உடைந்த பல்லோடு சேர்ந்து சொல் வந்தது. "யாரோன்னு சொல்லு."

சொல்லலாம். படக்காரரின் மூலப் படம் அழிந்துவிட்டது. பலகை பாதி நொறுங்கிவிட்டது. மீதி, புள்ளிகள். யாரைப் போல வேண்டுமானாலும் இருக்கும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அதை மறுக்க ஆள் கிடையாது. செய்தவளே அவள்தானே.

"இவன்தான்," என்றாள்.

கூட்டம் மறுபடி நெருங்கியது. அந்தப் பெண் சுத்தியலைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"எவனும் தொடக் கூடாது. அன்னைக்கும் இப்படித்தானே வந்தீங்க."

கால்கள் பின்வாங்கின. அவள் சின்னவனின் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா ஒண்ணே ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டு அலையறேன். ஸ்டேஷன்ல கேட்டேன். ஆஸ்பத்திரியில கேட்டேன். ஒருத்தரும் சொல்லல. நீதான் கிட்ட நின்னவன். கடைசியா அவர் என்ன சொன்னார்?"

சின்னவன் கண்ணை மூடினான். பெரியவள் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"சொல்லுடா."

"அடிக்காதீங்கன்னு சொல்லல," என்றான்.

"பின்ன?"

"எங்க பட்டறை மொதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். 'உனக்கு என்னைத் தெரியும்ல, நீயாவது இவங்ககிட்ட சொல்லு'ன்னார்."

அந்தப் பெண்ணின் கை சுத்தியலின் பிடியை இறுக்கியது. "மொதலாளி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என்னைக் கூப்பிட்டு ராடைக் கையில குடுத்தார்."

அவள் மெல்லத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். முகம் முகமாகப் பார்த்தாள்.

"இதுல எது அந்த ஆளு?"

"இதுல இல்ல. அவர் படம் எடுத்தவர் பக்கத்துல நின்னார். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க."

பெரியவள் திரும்பிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தாள்.

படக்காரர் பிடித்துக்கொண்டு நின்ற, அந்தப் பெண்ணின் பை மட்டும் தரையில் இருந்தது.